புல்லும் சருக்கரையும் குதிரையின் குளம்பும்

குதிரை புல்லுண்ணும் விலங்கு. கொள்ளும் ஓட்ஸும் மனிதன் பிற்காலத்தில் அதற்குப் பழக்கிய உணவுகள். இயற்கை வகுத்த உணவு புல்லே. அங்ஙனமிருக்க, கொழுத்த புல்வெளியில் வயிறார மேய்ந்த ஒரு குதிரை இரண்டொரு நாளில் காலூன்றி நிற்கமாட்டாமல் வருந்துகிறது என்று சொன்னால், கேட்போர் நம்பத் தயங்குவர். புல்லிடையே நச்சுப்பூண்டு முளைத்திருக்கும் என்பார் ஒருவர். பாம்பு தீண்டியிருக்கும் என்பார் மற்றொருவர். குதிரையை வீழ்த்தியது நஞ்சுமன்று, பாம்புமன்று. புல்லில் அடங்கியிருந்த சருக்கரை. அச்சருக்கரையை அளப்பது எங்ஙனம், அளந்து கண்ட எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றைப் பற்றியே மாணவர்களாகிய உங்களிடம் இன்று பேசப்போகிறேன்.

புல்லில் சருக்கரையா என்று வியக்க வேண்டுவதில்லை. கரும்பு ஒரு புல்தானே! நெல்லும் கோதுமையும் சோளமும் மூங்கிலும் அறுகும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. கதிரவன் ஒளியில் இலை சமைக்கும் முதற்பொருள் சருக்கரை. கரும்பு அதனைத் தண்டில் சேர்த்து வைக்கிறது. நெல் அதனை மாப்பொருளாக்கி மணியில் வைக்கிறது. மேய்ச்சல் நிலத்துப் புல் எங்கே வைக்கிறது, எந்த வடிவில் வைக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

அதற்குமுன், சருக்கரை குதிரைக்குச் செய்யும் தீங்கு யாது என அறிய வேண்டும். குதிரையின் குளம்பை வெறும் கொம்புக் கட்டி என்று எண்ணாதீர்கள். அது ஓர் உறை. அவ்வுறைக்குள்ளே கால்விரலின் கடைசி எலும்பு தொங்கிக்கொண்டிருக்கிறது. தாங்கிக்கொண்டன்று, தொங்கிக்கொண்டு! உறையின் உட்சுவரிலிருந்து புறப்படும் மெல்லிய தகடுகள் ஏறத்தாழ 550 முதல் 600 வரை உள்ளன. அவை எலும்பைப் போர்த்திய தசையின் தகடுகளோடு, இரு கைவிரல்களைக் கோத்தாற்போல் பின்னிக்கிடக்கின்றன. 500 கிலோ எடையுள்ள குதிரை பாய்ந்தோடும்போது அதன் பளுவைத் தாங்குவது இப்பின்னலே. இத்தகடுகள் நோயுற்றுப் பிணைப்பு நெகிழ்ந்தால் எலும்பு தன் இடத்தினின்றும் நழுவுகிறது. கொடிய நிலையில் உள்ளங்குளம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவதும் உண்டு. இந்நோய்க்கு மருத்துவர் இட்ட பெயர் லாமினைட்டிஸ். நாம் குளம்பழற்சி என்போம். முன்னங்கால்களில் பளு விழாதிருக்கும் பொருட்டுப் பின்னே சாய்ந்து நிற்கும் குதிரையைப் பார்த்த மாத்திரத்தில் அனுபவமுள்ளோர் நோயை அறிந்துகொள்வர். முற்றிய நோயினின்றும் மீளாத குதிரையை வலியின்றிக் கொன்றுவிடுவதைத் தவிர உடையவருக்கு வேறு வழியில்லாமற் போவதுண்டு.

எல்லாக் குதிரைகளுக்கும் இவ்வபாயம் ஒரே அளவினதன்று. நாள்தோறும் ஓடி உழைக்கும் குதிரை வளமான புல்லை உண்டு நலமாக இருக்கிறது. துன்புறுபவை பெரும்பாலும் உடல் பருத்த, வேலையற்ற குதிரைகள். குறிப்பாக வேல்ஸ், ஷெட்லாந்து, எக்ஸ்மூர் முதலிய இடங்களுக்குரிய மட்டக்குதிரைகள். இவை காற்று வீசும் குன்றுகளிலும் சதுப்புகளிலும் வறிய புல்லைத் தின்றே பல தலைமுறையாக வாழ்ந்தவை. சிறிதுண்டு பெரிதாகச் சேமிக்கும் உடலமைப்பு உடையவை. அவற்றைக் கொணர்ந்து, கறவை மாட்டுக்கெனத் திருத்தி உரமிட்ட புல்வெளியில் விட்டால், பஞ்சத்துக்குப் பழகிய உடல் விருந்தைத் தாங்கமாட்டாது அல்லலுறுகிறது.

குதிரைக்கு ஒவ்வாத உணவு நம் நாட்டு வரலாற்றிலும் இடம்பெற்ற செய்திதான். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, கடல் கடந்து வந்திறங்கிய குதிரைகள் பேணத் தெரியாதார் கையில் மடிந்தன என்றும், அவற்றுக்குச் சோற்றோடு இறைச்சியைச் சமைத்து ஊட்டினர் என்றும் எழுதிவைத்திருக்கிறார். அவர் எழுதியதில் எவ்வளவு கேள்விச் செய்தி என்பது வேறு ஆராய்ச்சி. அக்குதிரைகளுக்கு ஒவ்வாதது யாவர் கண்ணுக்கும் தெரியும் சோறும் இறைச்சியும்; நாம் பேசும் குதிரைகளுக்கு ஒவ்வாதது புல்லுக்குள் மறைந்திருக்கிறது.

இனிப் புல்லைப் பார்ப்போம். பகலெல்லாம் இலை ஒளியைப் பருகிச் சருக்கரை செய்கிறது. இரவில் அச்சருக்கரையைச் செலவிட்டுப் புல் வளர்கிறது, மூச்சும் விடுகிறது. ஆகவே பொழுது விடியுமுன் சருக்கரை குறைந்தும், பிற்பகல் சாயும் வேளையில் மிகுந்தும் இருக்கும். ஒரே வயல், ஒரே புல். காலையில் ஓர் எண், மாலையில் வேறோர் எண். கடைக்காரன் பகலில் ஈட்டி இரவில் செலவழிப்பதைப் போன்றது இது. செலவு நின்றுபோனால் என்ன ஆகும்? வெப்பநிலை ஏறத்தாழ 5 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கினால், குளிர்நாட்டுப் புற்களின் வளர்ச்சி பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆனால் பகலில் வெயில் அடித்தால் சருக்கரை செய்யும் வேலை நிற்பதில்லை. ஈட்டல் உண்டு, செலவு இல்லை, சருக்கரை குவிகிறது. உறைபனி பெய்த இரவுக்குப் பின் வரும் தெளிந்த காலை, கண்ணுக்கு எவ்வளவு அழகியதோ அவ்வளவு அபாயமானது அந்நாட்டு மட்டக்குதிரைக்கு. மழையின்றி வாடி வளர்ச்சி குன்றிய புல்லும் இவ்வாறே சருக்கரையைச் சேர்த்து வைக்கும். பச்சைப் பசேலென்றிருப்பது சத்து மிக்கது, வெளுத்தது வெறுஞ்சக்கை என்ற எண்ணம் இங்கே பயன்படாது. நிறம் சருக்கரையைக் காட்டுவதில்லை.

ரைப்புல், திமோத்தி, ஃபெஸ்கியூ முதலிய குளிர்நாட்டுப் புற்கள் மிகுந்த சருக்கரையை ஃப்ரக்டான் என்னும் வடிவில் சேமிக்கின்றன. ஃப்ரக்டோஸ் என்ற பழச்சருக்கரை அணுத்திரள்கள் சங்கிலி போல் பிணைந்ததே ஃப்ரக்டான். இவ்வகைப் பொருளை முதன்முதல் பிரித்தெடுத்தவர் வாலன்டின் ரோஸ் என்ற ஜெர்மானிய வேதியியலார். 1804-இல் இனூலா என்னும் செடியின் வேரிலிருந்து அவர் பெற்ற இனுலின் இவ்வினத்தைச் சேர்ந்தது. ஃப்ரக்டான் நீரில் கரையும். உயிரணுவின் நடுவேயுள்ள நீர்ப்பையில் தங்கும். உறையும் குளிரிலும் வறட்சியிலும் செடிக்குக் காப்பாகவும் உதவும். தாளின் அடியில், மண்ணையொட்டிய சில அங்குலங்களில் அது மிகுதி. ஆதலால் ஒட்ட மேய்ந்து குட்டையாகிப்போன புல்வெளியைக் கண்டு, இதில் என்ன இருக்கிறது என்று குதிரையை விட்டுவிடுவதும் தவறு. இதற்கு மாறாக நம் அறுகு போன்ற வெப்பநாட்டுப் புற்கள் ஃப்ரக்டான் சேர்ப்பதில்லை. இலையின் பசுங்கணிகங்களிலே மாப்பொருளைச் சேர்க்கின்றன. அங்கே இடம் நிரம்பிவிட்டால் சேமிப்பு தானே மட்டுப்படும். குளிர்நாட்டுப் புல்லின் ஃப்ரக்டானுக்கு அத்தகைய தடை இல்லை.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்த இரு சோதனைகளை இங்கே நினைவுகூருங்கள். மாப்பொருளின்மீது அயோடின் கரைசலை விட்டால் கருநீலம் தோன்றும். குளுக்கோஸைக் கரைத்து, 1849-இல் ஃபெலிங் என்பார் வகுத்த நீலக் கரைசலோடு சூடாக்கினால் செங்கல் நிறப் படிவு இறங்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்விரு சோதனைகளையும் மாணவர்க்குச் செய்து காட்டியிருக்கிறேன். செங்கல் நிறம் தோன்றும்போது கடைசி வரிசை மாணவனும் எழுந்து நின்று பார்ப்பான். ஆனால் ஃப்ரக்டான் இவ்விரண்டுக்கும் அகப்படாத பொருள். அயோடினால் நீலமாவதில்லை. தன் சங்கிலி அறுபடாத வரையில் ஃபெலிங் கரைசலைச் சிவப்பாக்குவதுமில்லை. ரைப்புல்லை இடித்துச் சாறு பிழிந்து, அயோடின் சோதனை மட்டும் செய்துவிட்டு, இதில் சேமித்த உணவே இல்லை என்று எழுதும் மாணவன், நேரிய முறையில் சோதித்தும் பிழையான முடிவுக்கே வருவான். எந்தப் பொருளைத் தேடுகிறோம் என்பதற்கு ஏற்ப அளவுமுறையும் மாறவேண்டும்.

எந்தப் பொருளைத் தேடுவது? இவ்வினாவிற்கு அறிவியலார் கூறிய விடை சென்ற சில பத்தாண்டுகளில் மாறி வந்திருக்கிறது. குதிரையின் உடலில் ஃப்ரக்டானை அறுக்கும் நொதி இல்லை. ஆதலால் அது சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடைந்து, அங்கே வாழும் நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. ஒரே சமயத்தில் பெருமளவு வந்து சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்து லாக்டிக் அமிலத்தைப் பெருக்குகின்றன. குடற்சுவர் புண்பட்டு, வேண்டாத பொருள்கள் குருதியில் கலக்கின்றன. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொலிட் என்பாரும் உடன்பணியாற்றியோரும் ஃப்ரக்டான் வகைச் சருக்கரையைக் குதிரைகளுக்கு ஒரே வேளையில் மிகுதியாகக் கொடுத்துக் குளம்பழற்சியைத் தோற்றுவித்துக் காட்டினர். 2006-இல் வெளியான ஆய்வில், உடலெடையில் கிலோ ஒன்றுக்கு 7.5 கிராமும் அதற்கு மேலும் கொடுக்கப்பட்டது. குற்றவாளி ஃப்ரக்டானே என்று பலரும் முடிவு கட்டினர்.

மறு ஆண்டிலேயே வேறொரு செய்தி வந்தது. அதே நாட்டு ஆய்வாளர்கள் நலமான மட்டக்குதிரைகளின் குருதியில் இன்சுலினைத் தொடர்ந்து ஏற்றினர். குருதிச் சருக்கரை இறங்கிவிடாதபடி குளுக்கோஸையும் உடன் செலுத்திச் சமனாக வைத்தனர். குடலுக்கு எத்தீங்கும் செய்யவில்லை. எனினும் 72 மணி நேரத்துக்குள் அக்குதிரைகள் அனைத்துக்கும் குளம்பழற்சி கண்டது. நெடுநேரம் உயர்ந்து நிற்கும் இன்சுலின் தனியாகவே குளம்பைக் கெடுக்க வல்லது என்பது தெளிவாயிற்று. மேய்ச்சலினால் வரும் நோயில் பெரும்பகுதி இவ்வழியாக வருவதே என்று இன்று கருதுகின்றனர். இன்சுலினைக் கிளப்புவன சிறுகுடலில் எளிதில் செரிக்கும் குளுக்கோஸ் முதலிய எளிய சருக்கரைகளும் மாப்பொருளுமே. ஆகவே ஃப்ரக்டானை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோர் மற்றவற்றையும் எண்ண வேண்டியவராயினர். சிலர், ஃப்ரக்டானைக் கவனிக்கவே வேண்டா என்று அடுத்த கோடிக்கு ஓடிவிட்டனர். அது சான்றுகளை மீறிய துணிவு என்பது என் கருத்து.

இக்காரணத்தால் ஆய்வுக்கூட அறிக்கையில் ஓர் எண் இராது. பல எண்கள் இருக்கும். நீரில் கரையும் மாவுச்சத்து என்பது முதலாவது. எளிய சருக்கரையும் ஃப்ரக்டானும் இதில் அடங்கும். எரிசாராயத்தில் கரையும் மாவுச்சத்து என்பது இரண்டாவது. எளிய சருக்கரையும் மிகக் குறுகிய ஃப்ரக்டான் சங்கிலிகளும் மட்டும் இதில் வரும். மாப்பொருள் மூன்றாவது, அதனை நொதியால் குளுக்கோஸாக அறுத்துத் தனியே அளப்பர். முதலாவதையும் மூன்றாவதையும் கூட்டினால், நாரல்லாத மாவுச்சத்து முழுவதும் ஏறத்தாழக் கிடைத்துவிடும். அபாயமுள்ள குதிரைக்கு இக்கூட்டுத்தொகை 100-க்கு 10-ஐத் தாண்டாதிருப்பது நலம் என்பது பரவலான வழக்கு. 12 வரை இடங்கொடுப்போரும் உளர். இரண்டாவதையும் மூன்றாவதையும் கூட்டிப் பார்ப்போர், இன்சுலினைக் கிளப்பும் பகுதி எவ்வளவு என்று அறிய விரும்புவோர்.

இனி அளக்கும் வகையைச் சொல்கிறேன். அளவையின் வெற்றி தோல்வி ஆய்வுக்கூடத்தில் அன்று, வயலிலேயே பெரிதும் தீர்மானமாகிறது. வேலியோரத்தில் ஒரு பிடி புல்லைப் பறித்து அனுப்பினால், அந்த ஒரு பிடியின் கதைதான் தெரியும். நிலத்தில் வளைந்து வளைந்து நடந்து, இருபது இடங்களிலேனும், குதிரை கடிக்கும் உயரத்திலேயே கத்தரித்து, வேரும் மண்ணும் சேராமல் ஒன்றாகக் கலக்க வேண்டும். நாளையும் மணியையும் வானிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த செயல் மிக முக்கியம். அறுத்த புல் உடனே இறந்துவிடுவதில்லை. அது பைக்குள்ளே மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும். தன் சருக்கரையைத் தானே செலவழித்துக்கொண்டே இருக்கும். வெயிலில் நிறுத்திய வண்டியில் சில மணி நேரம் கிடந்த புல்லின் எண், வயலில் நின்ற புல்லின் எண்ணாகாது. ஆதலால் பறித்தவுடன் பனிக்கட்டியில் வைத்து விரைவில் உறையச் செய்து அனுப்புவர். ஒரு பொருளை நிறுத்தறியும்போது, தராசுத் தட்டில் இருக்கையிலேயே அது தன்னைத் தின்றுகொண்டிருந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். புல்லை அளப்போரின் இடர் அதுதான்.

உலர்புல் இவ்வகையில் எளிது. குளிர்நாடுகளில் புல்லைப் பூக்கும் பருவத்தில் அறுத்து வெயிலில் காயவைத்துக் கட்டுகளாகச் சேமிப்பர். இது கதிரடித்த வைக்கோல் அன்று. கட்டப்பட்ட உலர்புல் நன்கு காய்ந்திருந்தால் அதன் சருக்கரை பெரிதும் மாறாது. ஆகவே ஒரே வயலில் ஒரே நாளில் அறுத்த கட்டுகளுள் இருபதைத் தேர்ந்து, கூரிய குழாயொன்றை நடுப்பகுதி வரை துளைத்துச் செலுத்தி மாதிரி எடுத்தால், அவ்வறுவடை முழுமைக்கும் பொருந்தும் எண் கிடைக்கும். மேய்ச்சல் நிலத்தின் எண் ஒரு நாழிகைக்கு உரியது. உலர்புல்லின் எண் ஒரு பருவத்துக்கு உரியது. நோயுற்ற மட்டக்குதிரையைப் புல்வெளியிலிருந்து நீக்கி, சோதித்த உலர்புல்லின்மேல் வைக்குமாறு மருத்துவர் கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆய்வுக்கூடத்தில் மாதிரியை உலர்த்தி, பொடியாக அரைத்து, நீரில் குலுக்கி வடிகட்டுவர். வடிநீரோடு அடர் கந்தக அமிலமும் ஆந்த்ரோன் என்ற பொருளும் சேர்த்துச் சூடாக்கினால் நீலப்பச்சை நிறம் எழும். அமிலம் ஃப்ரக்டான் சங்கிலியை அறுத்துவிடுவதால், ஃபெலிங் கரைசலிடம் தப்பியது இங்கே தப்புவதில்லை. நிறத்தின் அடர்த்தியை ஒளிமானியில் வைத்து, அளவு தெரிந்த சருக்கரைக் கரைசலின் நிறத்தோடு ஒப்பிட்டால் விடை வரும். தாவரச் சாறுகளுக்கு இம்முறையைச் செம்மைப்படுத்தி யெம், வில்லிஸ் என்ற இருவர் 1954-இல் எழுதிய கட்டுரை பன்முறை எடுத்தாளப்பட்டது. விரைவை விரும்புவோர்க்கு இன்னொரு வழி உண்டு. பொடித்த புல்லின்மேல், கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பும் ஒளியைக் கொண்டு சத்துக்களை மதிப்பிடுவது அது. அமெரிக்க வேளாண்துறையைச் சேர்ந்த கார்ல் நாரிஸ் வளர்த்த இம்முறையில் தீவனப் புல்லின் தரத்தைக் கணிக்கலாம் என்பதை அவரும் துணைவரும் 1976-இல் வெளியிட்டனர். இதில் அமிலமில்லை, காத்திருத்தலில்லை, சில நிமிடங்களே. ஆயினும் இக்கருவி தானாக ஒன்றும் அறியாது. வேதிமுறையால் முன்னரே அளந்த பல மாதிரிகளோடு ஒப்பிட்டே சொல்லும். பழகாத வகைப் புல்லைக் கொடுத்தால் அதன் விடை தடுமாறக்கூடும்.

கரும்பு விளையும் ஊர்களைச் சேர்ந்த மாணவர் சிலர், இவ்வளவு தொல்லை எதற்கு, கையளவு பிரிக்ஸ் கருவி போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆலைக்காரர் கரும்புச் சாற்றில் இரு துளியைக் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, பதினெட்டு, இருபது என்று படித்துவிடுகிறார் அன்றோ? ஒளி, கரைசலுக்குள் நுழைகையில் வளைகிறது; கரைந்த பொருள் மிகுந்தால் வளைவும் மிகும். ஜெனா நகரத்து எர்ன்ஸ்ட் அபே 1874-இல் விரித்தெழுதிய கருவியின் சிறு வடிவமே இது. அளவையின் பெயர் 1870-இல் மறைந்த அடால்ப் பிரிக்ஸ் என்ற ஜெர்மானியரின் பெயர். மேனாட்டுக் குதிரைக்காரர் பலர் இதே கருவியை வாங்கி, பூண்டு நசுக்கும் இடுக்கியில் புல்லைப் பிழிந்து அளக்க முயன்றனர்.

கருவி சருக்கரையை அளப்பதில்லை. சாற்றில் கரைந்த அனைத்தையும் சேர்த்து அளக்கிறது. முதிர்ந்த கரும்பின் சாற்றில் கரைந்திருப்பதில் பெரும்பங்கு சருக்கரையே. எனவே அங்கே பிழை சிறிது. புல்லின் சாற்றிலோ உப்புக்களும் அமிலங்களும் புரதத்தின் கூறுகளும் கணிசமாகக் கலந்துள்ளன. மேலும், நண்பகல் வெயிலில் புல் வாடி நீரை இழந்தால், சருக்கரை ஒரு துளி கூடாமலே சாறு அடர்ந்து கருவியின் எண் ஏறும். மழை பெய்து புல் நீரைக் குடித்துவிட்டால், சருக்கரை அப்படியே இருக்க எண் இறங்கும். குதிரையோ நீரை நீக்கிய உலர்பொருளின் கணக்கிலேதான் வயிற்றை நிரப்புகிறது. கரும்பு வயலில் நண்பனாய் இருக்கும் கருவி புல்வெளியில் நம்பத்தகாததாவது இதனால்தான்.

உலர்பொருள் என்ற சொல்லில் சற்றே நிற்போம். அறிக்கையைப் படிப்போர் பெரிதும் மயங்குவது இங்கேதான். சில ஆண்டுகளுக்கு முன் வேல்ஸ் நாட்டில் என் மகள் வீட்டில் சில திங்கள் தங்கியிருந்தேன். அண்டை வயலில் பழுப்பு நிற மட்டக்குதிரை ஒன்று நின்றது. நம் ஊரில் கன்று மண் தின்னாதிருக்க வாய்க்கூடு மாட்டுவோம் அல்லவா, அதைப்போல் அதன் வாயில் ஒரு கூடு. அடியில் மட்டும் சிறு துளை. புல் கடலெனக் கிடக்க, அத்துளை வழியே நுனிப்புல்லை மட்டும் அது கொறித்துக்கொண்டிருந்தது. உடைமைக்கார மூதாட்டி அதனை இரவில் மேயவிட்டு, காலை ஒன்பது மணிக்குள் கொட்டிலில் அடைத்துவிடுவார். உறைபனி விழுந்த நாளில் அதுவும் இல்லை. சில மணி நேரம் மட்டும் மேயவிடும் குதிரைகள், நாளடைவில் அந்நேரத்துக்குள்ளேயே விரைந்து விழுங்கப் பழகிவிடுகின்றன என்றும், அதனால்தான் வாய்க்கூடு என்றும் விளக்கினார். நான் ஆசிரியராய் இருந்தவன் என்று கேட்டதும், தம் உலர்புல்லுக்கு வந்த ஆய்வறிக்கையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். ஒரே பொருளுக்கு இரண்டு பத்திகளில் இரண்டு எண்கள். ஒன்று, பொருளை உள்ளவாறே எடுத்த கணக்கு. மற்றொன்று, நீரை நீக்கிய கணக்கு.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பசும்புல்லில் 100-க்கு 80 பங்கு நீர் என்று கொள்வோம். உலர்பொருளில் சருக்கரை 100-க்கு 25. உள்ளவாறே எடுத்தால் அது 100-க்கு 5 தான். உலர்புல்லில் நீர் 10 பங்கு. உலர்பொருளில் சருக்கரை 12 என்றால், உள்ளவாறு ஏறத்தாழ 11. இருவேறு பத்திகளையும் ஒப்பிடாமல் உள்ளவாறே எடுத்த கணக்கை மட்டும் பார்ப்பவர், ஐந்து சிறிது, பதினொன்று பெரிது, ஆகவே பசும்புல்லே நன்று என்று முடிவு செய்வார். உண்மை நேர்மாறு. 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரை நாளொன்றுக்குத் தன் எடையில் 100-க்கு 2 வீதம், அதாவது 5 கிலோ உலர்பொருள் உண்கிறது என்று வைத்துக்கொண்டால், உலர்புல்லிலிருந்து பெறும் சருக்கரை 600 கிராம். பசும்புல்லிலிருந்து 1,250 கிராம். வேறுபாடு ஒரு மடங்குக்கு மேல். வளமான மேய்ச்சலில் குதிரை 5 கிலோவோடு நிறுத்துவதுமில்லை. நூற்றுவீதத்தை மட்டும் பார்த்து, உண்ட அளவைப் பாராதவர் பாதிக் கணக்கையே செய்தவர்.

எண் சற்று மிகுந்த உலர்புல்லை எறிந்துவிட வேண்டுவதில்லை. நீரில் ஊறவைத்தால் கரையும் சருக்கரையில் ஒரு பகுதி வெளியேறும். எவ்வளவு வெளியேறும் என்பதைத்தான் உறுதியாகச் சொல்ல இயலாது. அனெட் லாங்லாண்ட் என்ற ஆய்வாளரும் உடனிருந்தோரும் பல்வேறு உலர்புற்களை ஊறவைத்துப் பார்த்து 2011-இல் எழுதினர். சிலவற்றில் பாதியளவு நீங்க, வேறு சிலவற்றில் மிகச் சிறிதளவே நீங்கிற்று. எனவே ஊறவைத்தது என்பதனாலேயே அச்சமற்றது என்று கொள்வது சரியன்று. ஊறிய புல்லையும் சோதிக்க வேண்டும். நீண்ட நேரம் ஊறினால் தாது உப்புக்களும் உடன் கரைந்துபோகும். வெயில் நாளில் நுண்ணுயிர் பெருகும்.

புல்லின் சருக்கரையை அளக்கும் கலை குதிரைக்காகப் பிறந்ததன்று என்பதையும் குறிப்பிட வேண்டும். வேல்ஸ் நாட்டு அபெரிஸ்ட்வித் நகரில் 1919-இல் ஸ்டேபிள்டன் என்பாரைத் தலைவராகக் கொண்டு பயிர்ப் பெருக்க நிலையம் ஒன்று தோன்றியது. அவ்வழி வந்த ஆராய்ச்சியாளர், சருக்கரை மிகுந்த ரைப்புல் வகைகளைத் தேர்ந்து வளர்த்தனர். மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களுக்குச் சருக்கரை தாராளமாகக் கிடைத்தால், புல்லின் புரதம் வீணாகிச் சிறுநீரில் கழியாமல் பாலாகவும் தசையாகவும் மாறும் என்பது அவர்தம் நோக்கம். மாட்டுக்கு அது நன்மையே. அவ்விதையை விதைத்த பண்ணை பின்னர் கை மாறி, அதே வயலில் மட்டக்குதிரை மேய நேர்கையில்தான் இடர் விளைகிறது. நிலத்தை வாங்குவோர், முன்பு அங்கே என்ன விதைக்கப்பட்டது என்று கேட்டறிவது நல்லது.

இவ்வளவு முயன்றும், மேய்ச்சல் நிலத்தின் எண் மணிக்கு மணி மாறுவதை யாராலும் தடுக்க இயலாது. ஆகவே அண்மைக் காலத்தில் கால்நடை மருத்துவர், புல்லோடு நில்லாமல் குதிரையையே அளக்கத் தொடங்கியுள்ளனர். இரவு பட்டினியிட்ட குதிரைக்கு, அதன் எடைக்குத் தக்கபடி அளந்த மக்காச்சோளப் பாகைக் காலையில் வாய்வழி கொடுக்கின்றனர். ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் குருதி எடுத்து அதில் இன்சுலின் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கின்றனர். சிறிது பாகுக்கே இன்சுலின் அளவிறந்து உயருமாயின், அக்குதிரைக்குக் கண்டிப்பான பத்தியம். சோதித்த உலர்புல், வாய்க்கூடு, நாள்தோறும் நடை. உயராவிடில் வேலி திறக்கப்படுகிறது. சில திங்கள் கழித்து அதே குதிரைக்கு அதே அளவு பாகைக் கொடுத்து மீண்டும் அளக்கின்றனர். உடல் மெலிந்திருந்தால் எண்ணும் பெரும்பாலும் இறங்கியிருக்கும்.